நீரிழிவுக் கல்விச் செவிலியர் ஆவது எப்படி?

இன்சுலின் போடப் பேனா வடிவில் ஒரு கருவி உண்டு. அந்தப் பேனாவில் மாட்டும் ஊசிக்கு இரண்டு மூடிகள். வெளியே பெரிதாக ஒன்று. உள்ளே, ஊசியின் மேல் குழல்போலச் செருகிய சின்ன மூடி இன்னொன்று. மருத்துவ வார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுகர் 300-க்குக் கீழே இறங்கவே இல்லை என்று ஒருவரைச் சேர்த்தார்கள். அவர் வீட்டில் போட்டுக்கொண்டிருந்த அதே டோஸைத்தான் அன்று இரவு நான் போட்டேன். விடியற்காலையில் மனிதருக்குச் சட்டை நனைய வியர்வை, கை நடுக்கம். குளுக்கோமீட்டரில் 52.

காலை டியூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். நேராக அந்த நோயாளியின் கட்டிலுக்குப் போனார். "ஐயா, வீட்டுல எப்படிப் போட்டுக்குவீங்களோ அதே மாதிரி ஒருதடவை செஞ்சு காட்டுங்க."

"இதுல என்ன சிஸ்டர் இருக்கு, மூணு மாசமா நானேதான் போட்டுக்கறேன்" என்று சிரித்தபடி அவர் பேனாவை எடுத்தார். பெரிய மூடியைக் கழற்றினார். சின்ன மூடி அப்படியே இருக்க, பேனாவை வயிற்றருகே கொண்டுபோனார். மூன்று மாதமும் அப்படித்தான். பட்டனை அழுத்தினால் பேனாவில் எண் பூஜ்யத்துக்கு வரும், மருந்து மூடிக்குள் தேங்கி ஓரத்தில் கசியும். தோலில் ஈரம் படுவது வழக்கம்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை வந்தபோதும் "தவறாமல் போடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள், அவரும் உள்ளபடியே "ஆமாம்" என்றிருக்கிறார், டோஸ் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. செய்து காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மூத்த சிஸ்டர் அதோடு நிற்கவில்லை. சரியாகப் போடச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே டாக்டருக்குப் போன் செய்தார். உடம்புக்குள் போகாத மருந்தை நம்பி ஏற்றிய டோஸ், இனி முழுதாக உள்ளே போனால் சுகர் பாதாளத்துக்கு இறங்கும். முந்தைய இரவே இறங்கியிருந்ததே. டோஸைக் குறைத்த பிறகுதான் பாடம் ஆரம்பித்தது.

நீரிழிவுக் கல்வியில் நர்ஸாக வர நினைக்கிறவர்கள் பலர் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கோர்ஸ் படிக்கலாம் என்று. கோர்ஸுக்கு வருவோம். ஆனால் இந்த வேலையில் பாதி, "செய்து காட்டுங்கள்" என்று கேட்பது. மீதிப் பாதி, கண்ணில் பட்டதற்கு அடுத்து என்ன ஆகும் என்று யோசித்து உரியவரிடம் சொல்வது. கோர்ஸில் சேரும் முன்பே இரண்டையும் பழக ஆரம்பிக்கலாம்.

வேலை என்ன என்று முதலில் பாருங்கள்

இன்சுலின் டொராண்டோவில் 1921-ல் கண்டுபிடிக்கப்பட்டு, 1922 ஜனவரியில் முதல்முறையாக ஒரு நோயாளிக்கு, 14 வயதுப் பையனுக்குப் போடப்பட்டது. மருந்து வந்ததும் புதிய சிக்கல் ஒன்றும் கூடவே வந்தது. தினமும் வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டிய மருந்து அது, டாக்டர் வீட்டில் இருக்கமாட்டார். பாஸ்டனில் எலியட் ஜோஸ்லின் என்ற மருத்துவர் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார். அந்தச் சிக்கல் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர் டாக்டரின் முன்னால் உட்காருவது ஆண்டுக்குச் சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அவரே டாக்டர், அவரே நர்ஸ்.

ஆகவே இந்த வேலை என்பது ஊசி போடக் கற்றுக்கொடுப்பது மட்டும் இல்லை. சுகர் பார்ப்பது, எண்ணைப் பார்த்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது, சுகர் இறங்கினால் சமாளிப்பது, காய்ச்சல் வந்தால் மருந்தை என்ன செய்வது, பாதத்தைக் கவனிப்பது, சாப்பாடு, நடை, மனச்சோர்வு எல்லாமே இதில் வரும். டைப் 1 நீரிழிவு (உடலில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் வகை) வந்த குழந்தையின் பெற்றோர், கர்ப்பகாலத்தில் சுகர் ஏறிய பெண், கண்பார்வை மங்கிய முதியவர், இரவு ஷிஃப்ட் பார்க்கும் தொழிலாளி என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பாடம். ஒரே பேச்சை எல்லோருக்கும் ஒப்பிக்கிறவருக்கு இந்த வேலை ஆறு மாதத்தில் சலித்துவிடும். மனிதர்கள்மேல் ஆர்வம் உள்ளவருக்குச் சலிக்காது.

படி 1: செவிலியர் பதிவு, அப்புறம் வார்டு

முதலில் முறையான செவிலியர் படிப்பும், நீங்கள் வேலை செய்யும் நாட்டின் செவிலியர் கவுன்சிலில் பதிவும் வேண்டும். டிப்ளமோவா, டிகிரியா என்றால், இரண்டில் எதோடும் தொடங்கலாம். பின்னால் மேற்படிப்புக்கும் சில நாடுகளின் சான்றிதழுக்கும் டிகிரி கேட்பார்கள், அதனால் டிப்ளமோ முடித்தவர்கள் வேலையோடு வேலையாக டிகிரியையும் முடித்துவைப்பது நல்லது.

பதிவு வந்ததும் நேராக நீரிழிவு கிளினிக்குக்குப் போகத் துடிக்காதீர்கள். குறைந்தது 2 ஆண்டு பொது வார்டில் இருங்கள் என்றுதான் சொல்வேன். இதற்குக் காரணம் உண்டு. நீரிழிவின் முடிவுகள் எல்லாம் மற்ற வார்டுகளில்தான் படுத்திருக்கின்றன. அறுவை வார்டில் பாதப்புண், டயாலிசிஸில் சிறுநீரகம், இதயப் பிரிவில் மாரடைப்பு, மகப்பேற்றில் எடை கூடிப் பிறந்த குழந்தை. ஒரு காலையே இழந்தவரின் புண்ணுக்குக் கட்டுப் போட்ட கையால் பாதப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்கும்போது குரலே வேறாக இருக்கும். அப்புறம், சுகர் 40-க்குப் போன ஒருவரை நேரில் பார்த்துக் கையாண்டவருக்கு அந்தப் பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்து நடத்த வேண்டியதே இல்லை.

படி 2: அடிப்படையைத் தேய்த்துப் படியுங்கள்

சில எண்கள் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். வெறும் வயிற்றுச் சுகர் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, எச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு. எச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முன்நிலை. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து முத்திரை குத்தக் கூடாது, மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். கர்ப்பகாலத்துக்கு எல்லைகள் தனி. சில நாடுகளில் மில்லிமோல் கணக்கில் எழுதுவார்கள். மில்லிகிராம் எண்ணை 18-ஆல் வகுத்தால் அது வரும், 126 என்பது 7.0. எச்பிஏ1சி கடந்த 2, 3 மாதத்தின் சராசரியைக் காட்டுகிறது. கடும் ரத்தசோகை இருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ அந்த எண் பொய் சொல்லும். இந்தக் கடைசி வரியை மறந்துவிட்டுப் பலர் நோயாளியைத் திட்டியிருக்கிறார்கள்.

மருந்துகளில், எது தனியாகவே சுகரை அபாயமாக இறக்கும், எது இறக்காது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு லோ சுகர் பயம் மிகக் குறைவு. கிளைமிபிரைட், கிளிபென்கிளமைட் வகை மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவருக்கு அது அன்றாட அபாயம். எஸ்ஜிஎல்டி2 வகை (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள்) எடுப்பவருக்கு வாந்தியோ காய்ச்சலோ வந்து சாப்பிட முடியாதபோது அந்த மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்கச் சொல்ல வேண்டும். அந்த மருந்தோடு சுகர் பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் நச்சு (ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) வரலாம்.

இன்சுலின் வகைகளை வரைந்து படியுங்கள். எப்போது ஆரம்பித்து, எப்போது உச்சத்துக்குப் போய், எப்போது அடங்குகிறது என்று ஒரு தாளில் கோடு இழுத்துப் பாருங்கள். அதிவேக இன்சுலின் சுமார் 15 நிமிடத்தில் ஆரம்பித்து 1, 2 மணி நேரத்தில் உச்சம். பழைய ரெகுலர் இன்சுலினுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். நீண்ட நேர இன்சுலினான கிளார்ஜின் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கத் தட்டையாக ஓடும். நோயாளி "ராத்திரி மூணு மணிக்கு வேர்க்குது" என்றால் அந்தக் கோட்டில் மூன்று மணிக்கு எது உச்சத்தில் இருக்கிறது என்று உங்கள் கண் தேட வேண்டும்.

ஆய்வுகளில் இரண்டையாவது தெரிந்துவைத்திருங்கள். 1993-ல் வெளியான டிசிசிடி ஆய்வு, டைப் 1 உள்ளவர்களில் சுகரைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் பாதிப்பு புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. 2002-ல் வந்த டிபிபி ஆய்வில், முன்நிலையில் இருந்தவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு எல்லாம் சேர்ந்து நீரிழிவு வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் குறைத்தது 31 சதவீதம். கற்றுக்கொடுப்பதற்கு இவ்வளவு பலன் உண்டா என்று நிர்வாகத்தில் யாராவது புருவம் தூக்கும்போது இந்த எண்கள் கைகொடுக்கும்.

படி 3: உங்கள் கை முதலில் பழகட்டும்

ஒரு வாரம், நாளுக்கு நான்கு முறை, உங்கள் விரலை நீங்களே குத்திச் சுகர் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புது லான்செட், விரல் நுனியின் பக்கவாட்டில். எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றாம் நாளே ஒரு வேளை விட்டுப்போகும். நான்காம் நாள், விட்டுப்போன இடத்தில் ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிடலாமா என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு, ஒரே பேனாவால் ஒரே மையில் ஒரே நாளில் எழுதப்பட்ட ஒரு மாதச் சுகர் நோட்டு என் மேசைக்கு வரும்போது எனக்குக் கோபம் வருவதில்லை.

பழம் உரித்த கையைக் கழுவாமல் ஒருமுறை, கழுவித் துடைத்து ஒருமுறை பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கும். விளக்கிப் பத்து நிமிடம் பேசுவதைவிட இதை நோயாளியின் கண் முன்னால் செய்து காட்டுவது மேல்.

இன்சுலினில் கை தவறும் இடங்கள் அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றேதான். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டா, 100 யூனிட்டா என்பதும், சிரிஞ்சு அதற்கு உரியதா என்பதும் முதலாவது. 40 குப்பியிலிருந்து 100-க்கான சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். மாறாக, 100 குப்பியிலிருந்து 40-க்கான சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட். இரண்டாவது தவறு உயிரை எடுக்கும். இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், மனப்பாடம் செய்ய வேண்டாம்.

பேனா என்றால்: புது ஊசி, இரண்டு மூடியும் வெளியே, 2 யூனிட் வைத்துக் காற்றில் அழுத்தி நுனியில் துளி வருகிறதா என்று பார்த்தல், அப்புறம் டோஸ், குத்தி அழுத்தியபின் பத்து எண்ணும் வரை எடுக்காமல் இருத்தல். பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டர் ஊசியே போதும், குண்டான உடம்புக்கு நீள ஊசி வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. கலங்கல் இன்சுலினாக இருந்தால் உருட்டிக் கவிழ்த்துச் சீராகக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. திறக்காதது குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில், உறைந்தால் குப்பையில்தான். பயன்பாட்டில் இருப்பது, பெரும்பாலான வகைகளுக்கு, சூடு படாத இடத்தில் சுமார் 4 வாரம். திறந்த தேதியைக் குப்பியின்மேல் எழுதச் சொல்லுங்கள். யாரும் எழுதமாட்டார்கள். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அடுத்து, ஊசி போடும் இடத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கம். கண்ணால் பார்த்தால் போதாது, விரல் வேண்டும். தினமும் ஒரே இடத்தில் போடுகிறவர்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு ரப்பர்போல இருக்கும். அங்கே வலி குறைவு, அதனாலேயே மறுபடி மறுபடி அங்கேயே போடுவார்கள். மருந்து அங்கிருந்து தாறுமாறாக உறிஞ்சப்படும். இடத்தை மாற்றச் சொல்லும்போது அந்த மூத்த சிஸ்டரின் போனை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல தோலுக்கு மாறியதும் அதே டோஸ் அதிகமாக வேலை செய்யும், மருத்துவரிடம் சொல்லாமல் இடத்தை மாற்றிவிடக் கூடாது.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் மோனோஃபிலமென்டும் (நைலான் இழை) 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கும் (தட்டினால் அதிரும் கவை) பழகுங்கள். நைலான் இழை வளையும் வரை அழுத்தி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. "இப்போ தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே தொடாதீர்கள், மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். கண்ணை மூடச் சொல்லி, தெரியும்போது அவராகச் சொல்லட்டும்.

படி 4: பேசக் கற்றுக்கொள்ளுங்கள்

நாம் படித்ததெல்லாம் சொல்வதற்கு. இங்கே தேவை கேட்பது. என் முதல் வருடப் பாடங்களை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இருபது நிமிடத்தில் கணையம் முதல் பாதம் வரை முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது" என்பார்கள். உலகத்தில் யாரும் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னதில்லை.

அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "நான் சரியா விளக்கினேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போனதும் உங்க மககிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" தேர்வு உங்களுக்கு, அவருக்கு இல்லை. அவர் சொல்லும்போது எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தை மட்டும் வேறு விதமாக மறுபடி சொல்லுங்கள்.

முதல் சந்திப்பில் இரண்டு மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம். இன்சுலின் புதிதாகத் தொடங்கியவருக்கு ஊசி, சுகர் பார்ப்பது, லோ சுகர். அவ்வளவுதான். லோ சுகர் பாடம் ஒருபோதும் தள்ளிப்போகக் கூடாது. 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சுமார் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, ஏறவில்லை என்றால் மறுபடி. சாக்லேட் இதற்கு உதவாது, அதில் உள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகளை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரையும் மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸே வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை வீட்டாரிடமும் சொல்ல வேண்டும்.

சொற்களில் கவனம். "கண்ட்ரோல்லயே இல்லையே", "ஏமாத்திச் சாப்பிட்டீங்களா", "இப்படியே போனா கால் போயிடும்" எல்லாம் நாம் அக்கறையோடு சொல்வதுதான். கேட்பவர் அடுத்த முறை வரமாட்டார். 280 என்று நோட்டில் இருந்தால், "இந்த நாள்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் அன்று தன் அண்ணன் இறந்ததைச் சொன்னார். அவரிடம் மாவுச்சத்துக் கணக்கைப் பேச எனக்கு வாய் வரவில்லை, அன்றைய பாடமும் அதோடு முடிந்தது. ஓயாத நோய் தரும் அலுப்பு தனி. சுகரும் வேண்டாம் நோட்டும் வேண்டாம் என்று கைவிடும் நிலைக்கு வந்தவரை அடையாளம் கண்டு, தேவைப்பட்டால் மனநல உதவிக்கு அனுப்புவதும் உங்கள் வேலைதான்.

உணவு பற்றி ஒரு வார்த்தை. அச்சிட்ட பட்டியலைக் கொடுத்தனுப்பாதீர்கள். நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதி, அதில் ஒரே ஒரு மாற்றத்தைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். சிக்கலானவர்களை உணவியல் நிபுணரிடம் அனுப்புங்கள், எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்ற ஆசை நர்ஸ்களுக்கு உள்ள பழைய வியாதி.

படி 5: நோட்டுப் போடுங்கள், சான்றிதழ் அப்புறம்

இன்று முதல் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, எத்தனை நிமிடம், என்ன சொல்லிக்கொடுத்தீர்கள், செய்து காட்டினாரா, எதை மாற்ற வேண்டியிருந்தது. நோயாளியின் பெயர் வேண்டாம், அடையாளம் தெரியும் எதுவும் வேண்டாம். மாதம் ஒருமுறை மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் மாறிப்போன பிறகு தேடி அலைவது பெரும்பாடு.

சான்றிதழ்களுக்கு இந்த மணிக்கணக்குதான் முதுகெலும்பு. அமெரிக்காவில் 1986-ல் தொடங்கிய நீரிழிவுக் கல்வியாளர் சான்றிதழ்த் தேர்வு, 2020-லிருந்து சிடிசிஇஎஸ் என்ற பெயரில் நடக்கிறது. செவிலியராக 2 ஆண்டு அனுபவம், நீரிழிவுக் கல்வியில் 1,000 மணி நேரம், 15 மணி நேரத் தொடர்கல்வி, அதற்கு மேல் தேர்வு. தேறினாலும் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் அங்கீகாரம் பெற்ற முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பும், வேலை நேரமும், மூத்தவர் ஒருவரின் வழிகாட்டலும் சேர்ந்தால்தான் நீரிழிவுக் கல்வியாளர் என்ற பட்டம். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இணையவழிப் படிப்புகள் நடத்துகிறது, எந்த நாட்டில் இருந்தாலும் சேரலாம். விதிகள் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டை மட்டுமே நம்புங்கள்.

கோர்ஸ் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: இது கலந்துகொண்டதற்கான தாளா, திறமையைச் சோதித்துத் தரும் சான்றா? இரண்டு நாள் உட்கார்ந்ததற்கு அழகான பட்டையோடு தாள் தருகிற இடங்கள் ஏராளம். நானும் ஒன்றுக்குப் பணம் கட்டி ஏமாந்தேன். பயிற்சிப் பொம்மையைக்கூடத் தொடவிடாமல் இரண்டு நாளும் ஸ்லைடு ஓட்டினார்கள். நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, உங்கள் நாட்டின் கவுன்சில் இதை ஏற்கிறதா என்ற மூன்று கேள்விக்குப் பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள்.

படி 6: வேலையைத் தேடுங்கள், இல்லாவிட்டால் உண்டாக்குங்கள்

நீரிழிவு மையங்கள், பெரிய மருத்துவமனைகளின் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு, மகப்பேறு, குழந்தைகள் பிரிவு, சமூக நலத் திட்டங்கள், தொலைபேசி வழி ஆலோசனை என்று இடங்கள் உண்டு. ஆனால் 'நீரிழிவுக் கல்வியாளர் தேவை' என்ற விளம்பரத்துக்காகவே காத்திருந்தால் காலம் போகும். எனக்குத் தெரிந்து இந்த வேலைக்கு வந்தவர்களில் பலர், இருந்த இடத்திலேயே வேலையை உண்டாக்கிக்கொண்டவர்கள்.

வழி எளிது. மேலாளரிடம் போய் 'தனிப் பிரிவு வேண்டும்' என்று கேட்காதீர்கள். வாரம் இரண்டு மணி நேரம் கேளுங்கள்: இன்சுலினோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு டிஸ்சார்ஜுக்கு முன் செய்முறைப் பாடம். மூன்று மாதம் நடத்தி எண்களைக் காட்டுங்கள். எத்தனை பேர் செய்து காட்டினார்கள், அதில் எத்தனை பேர் முதல்முறை தவறாகச் செய்தார்கள், எத்தனை பேர் லோ சுகரோடு திரும்பி வந்தார்கள். இரண்டாவது எண்ணே கதவைத் திறந்துவிடும். நேர்காணலுக்குப் போனாலும் உங்கள் நோட்டை எடுத்துப் போங்கள்.

இன்சுலின், குளுக்கோமீட்டர் நிறுவனங்களும் கல்வியாளர்களை வேலைக்கு எடுக்கின்றன. சம்பளமும் பயிற்சியும் நன்றாகவே இருக்கும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று. வேறு நிறுவனத்தின் பேனா உங்கள் நோயாளிக்குப் பொருத்தம் என்று தெரிந்தால், அதை வாய்விட்டுச் சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தில் தந்த நெறிமுறையோ அதிகாரமோ இல்லாமல் டோஸை மாற்றச் சொல்லாதீர்கள். "ரெண்டு யூனிட் குறைச்சுக்கோங்க" என்பது வாயில் சுலபமாக வரும். தொலைபேசியில் இன்னும் சுலபமாக வரும். வேண்டியது உடனே டாக்டரைப் பிடிப்பது, சொன்னதைக் குறித்துவைப்பது.

முதல் தனிப் பாடத்துக்கு முன்

மேசையில் வேண்டியவை: பயிற்சிப் பேனா, இரண்டு வகைச் சிரிஞ்சு, காலிக் குப்பிகள், குத்திப் பழக ஸ்பாஞ்சுத் துண்டு, பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்க மூடியுள்ள தடித்த டப்பா, குளுக்கோமீட்டர், காலாவதித் தேதி பார்த்த ஸ்ட்ரிப், நைலான் இழை, குளுக்கோஸ், கொஞ்சம் வெள்ளைத்தாள். சுவரில் நல்ல கடிகாரம் இருந்தால் அதற்கு முதுகு காட்டி நீங்கள் உட்காருங்கள்; நோயாளியோடு பேசும்போது மணி பார்க்கிற கண்ணை அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் ஊசி போட்டுவிடுவது மனைவியோ மகனோ என்றால் அவரையும் உள்ளே கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் தவறான ஆளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பீர்கள்.

அவர் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பேனாவில் எல்லோரும் சரியாகத்தான் செய்வார்கள். வாயை மூடிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசிவரை பாருங்கள். இடையில் திருத்தத் தோன்றும். அவர் பேனாவைக் கீழே வைக்கட்டும், அப்புறம் பேசலாம்.